விருந்தோம்பல் கல்வியும் கூட்டுறவுக் குடும்பங்களும்

நம் சங்க அங்கத்தினர்களின் இல்லங்களில் பட்டதாரிப் பிள்ளைகள் பெருகி வருகிறார்கள். இது மகிழத்தக்க செய்தியே. ஆயினும், பட்டம் பெற்ற பிள்ளை தறிக்குழியில் இறங்குவதில்லை. வயல் வரப்புக்கும் திரும்புவதில்லை. 2009-10-ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட கைத்தறிக் கணக்கின்படி, நாடு முழுவதிலும் அத்தொழிலில் ஈடுபட்டிருந்தோர் 43.31 லட்சம் பேர். 2019-20-ஆம் ஆண்டுக் கணக்கில் இத்தொகை 35.22 லட்சமாகக் குறைந்துவிட்டது. பத்தாண்டுகளில் எட்டு லட்சம் பேர் குறைந்திருக்கின்றனர் என்றால், அது நம்மில் ஒவ்வொரு குடும்பமும் சிந்திக்க வேண்டிய விஷயமாகும்.

இந்நிலையில், "மேற்கொண்டு பிள்ளையை என்ன படிக்க வைப்பது?" என்ற கேள்வி எழும்போது, அண்மைக் காலமாகப் புதியதொரு பதிலும் காதில் விழுகிறது. சுற்றுலா, விடுதி நிர்வாகம் ஆகியவற்றில் முதுநிலைப் பட்டம் பெறலாம் என்பதே அப்பதில். அதிலும், 'நீடித்த சுற்றுலா' என்ற அடைமொழியோடு பல கல்விச்சாலைகள் இப்படிப்பை நடத்தி வருகின்றன. இது என்ன படிப்பு? இதற்குச் செலவிடும் பொருளும் இரண்டாண்டுக் காலமும் வீண் போகாமல் இருக்குமா? துணி நெய்வோருக்கும் பயிர் விளைவிப்போருக்கும் இதனால் ஏதேனும் பயன் உண்டா? இவற்றைக் கூடியவரை எளிமையாக விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

உபசாரத்துக்கும் ஒரு பள்ளி

விருந்தினரை உபசரிக்கப் பள்ளிக்கூடம் எதற்கு என்று நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்கக்கூடும். அது நியாயமான கேள்விதான். வீடு தேடி வரும் நாலு பேருக்கு இலை போடுவதற்குப் படிப்பு வேண்டியதில்லை. பண்பு இருந்தால் போதும். ஆனால், முன்பின் அறியாத நூறு பேரை நாள்தோறும் தங்க வைத்து, அவர்கள் உண்ணும் உணவு, உறங்கும் படுக்கை, குளிக்கும் நீர் ஆகிய அனைத்துக்கும் பொறுப்பேற்று, முந்நூற்று அறுபத்தைந்து நாளும் நட்டமின்றி நடத்துவது தனியொரு தொழிலாகும். அதற்குக் கணக்கும் வேண்டும், பயிற்சியும் வேண்டும்.

இதனை முதலில் உணர்ந்த நாடு சுவிட்சர்லாந்து. அங்கே லோசான் நகரில் 1893-ஆம் ஆண்டில் விடுதித் தொழிலுக்கென்றே ஒரு பள்ளி தோன்றியது. அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகம் 1922-ஆம் ஆண்டில் இதனைப் பல்கலைக்கழகப் படிப்பாக ஏற்றுக்கொண்டது. நம் நாட்டில் ஹோட்டல் நிர்வாகக் கல்வியை ஒழுங்கு செய்யும் தேசியக் கவுன்சில் 1982-ஆம் ஆண்டில் அமைந்தது. அதற்கடுத்த ஆண்டில் மத்திய அரசினர் இந்தியச் சுற்றுலா, பிரயாண நிர்வாகக் கழகத்தை நிறுவினர். குவாலியரைத் தலைமையிடமாகக் கொண்ட இக்கழகம் புவனேசுவரம், நொய்டா, கோவா, நெல்லூர் ஆகிய இடங்களிலும் கிளைகளை உடையது. கேரள அரசினர் 1988-ஆம் ஆண்டில் திருவனந்தபுரத்தில் இத்தகைய கழகம் ஒன்றை ஏற்படுத்தினர். புதுவைப் பல்கலைக்கழகத்திலும் சுற்றுலாவியலுக்கென ஒரு துறை உண்டு.

இக்கல்வியில் மூன்று படிகள் இருப்பதை அங்கத்தினர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். முதற்படி, சமையல், பரிமாறுதல், அறைப் பராமரிப்பு போன்ற கைத்திறனைக் கற்பிக்கும் சான்றிதழ், டிப்ளோமா வகுப்புகள். இரண்டாவது, பள்ளி இறுதி வகுப்புக்குப் பின் சேரத்தக்க மூன்றாண்டு அல்லது நான்காண்டுப் பட்டம். மூன்றாவது, பட்டம் பெற்றோருக்கான இரண்டாண்டு முதுநிலைப் படிப்பு. இம்மூன்றாம் படியைப் பற்றியே இங்கு பேசுகிறோம். சுற்றுலா எம்.பி.ஏ. வகுப்புகள் பலவற்றில் எத்துறைப் பட்டதாரியும் சேரலாம். வணிகவியல் படித்த நெசவாளர் மகளுக்கும் வேளாண்மை படித்த விவசாயி மகனுக்கும் அங்கே இடமுண்டு.

கீரைக் கட்டும் சேலையும்

இப்படிப்பின் ஒரு பாதி விடுதி நிர்வாகம். அதன் அடிப்படையை நம் தொழில்களைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம். நெசவாளர் நெய்த சேலை இன்று விற்காவிட்டால் பீரோவில் இருக்கும். அடுத்த பண்டிகைக்கு விற்கும். தோட்டக்காரர் பறித்த கீரைக் கட்டோ அன்று மாலைக்குள் விற்றாக வேண்டும். விடுதியின் அறை, சேலை இனத்தைச் சேர்ந்ததன்று. கீரை இனத்தைச் சேர்ந்தது. இன்றிரவு காலியாகக் கிடந்த அறையை நாளை இருமுறை விற்க முடியாது. ஆகவே, எந்த நாளில் எந்த விலைக்கு எத்தனை அறைகளை விற்பது என்பதே விடுதி நிர்வாகியின் தலையாய கணக்காகிறது.

இருபது அறைகள் கொண்ட விடுதியொன்றை எண்ணிப் பாருங்கள். ஒரு நாளில் 12 அறைகளை 2,000 ரூபாய் வீதம் விற்றால் வரவு 24,000 ரூபாய். மறுநாள் விலையை 1,300 ரூபாயாகக் குறைத்து 18 அறைகளை நிரப்பினால் வரவு 23,400 ரூபாய். ஆள் கூடியது; பணம் குறைந்தது. அதோடு, ஆறு அறைகளுக்கான தண்ணீர், சலவை, மின்சாரம், சிப்பந்திகளின் உழைப்பு ஆகியனவும் மிகையாகச் செலவாயின. இதனால்தான், நிரம்பிய அறைகளின் விழுக்காட்டை மட்டும் பார்க்காமல், உள்ள அறைகள் அனைத்துக்கும் சராசரியாக எவ்வளவு வரவு வந்தது என்றும் கணக்கிட மாணவர்களுக்குக் கற்பிக்கிறார்கள். மேற்சொன்ன உதாரணத்தில் முதல் நாள் சராசரி 1,200 ரூபாய். இரண்டாம் நாள் 1,170 ரூபாய்.

ரூபாய் கசியும் வழி

படிப்பின் மறுபாதி சுற்றுலாவைப் பற்றியது. நம்மைப் போன்றோர் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய பாடம் இங்கேதான் இருக்கிறது. விருந்தினர் ஓர் ஊரில் செலவிடும் பணத்தில் எவ்வளவு அவ்வூரிலேயே தங்குகிறது, எவ்வளவு வெளியேறிவிடுகிறது என்பதே அப்பாடம். வெளியேறும் பங்கைக் 'கசிவு' என்று குறிப்பிடுகிறார்கள். ஏரி நிறைய நீர் வந்தும் மதகு பழுதாகி ஒழுகிப் போனால் பாசனத்துக்கு என்ன மிஞ்சும்?

கற்பனையாக ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு விருந்தினர் ஓர் இரவுக்கு 3,000 ரூபாய் தருகிறார். அதில் 600 ரூபாய், அறையைப் பதிவு செய்து கொடுத்த வெளியூர் நிறுவனத்தின் தரகுக்குப் போகிறது. 700 ரூபாய், நகரத்து மொத்த வியாபாரியிடம் வாங்கிய காய்கறி, அரிசி, படுக்கை விரிப்பு முதலியவற்றுக்குப் போகிறது. வட்டிக்கும் தலைமை அலுவலகத்துக்கும் 500, வரிக்கும் மின்சாரத்துக்கும் 400, வெளியூரில் இருக்கும் முதலாளியின் லாபம் 200. உள்ளூர்ச் சிப்பந்திகளின் சம்பளம் 500. உள்ளூர்க் கடையில் வாங்கியது 100. ஆக, ஊருக்குக் கிடைத்தது 600 ரூபாய், அதாவது ஐந்தில் ஒரு பங்கு.

இப்பொழுது, நகரத்தில் வாங்கிய 700 ரூபாய்ச் சாமான்களில் 400 ரூபாய்க்கு உள்ளூர் விளைச்சலையும் உள்ளூர்த் தறித் துணியையும் வாங்குவதாகக் கொள்வோம். ஊரின் பங்கு 1,000 ரூபாயாக உயர்கிறது. ஒரு விருந்தினர்கூட அதிகமாக வரவில்லை. ஒரு வாளித் தண்ணீர்கூட அதிகமாகச் செலவாகவில்லை. சுற்றுலாவைப் பெருக்குவது என்றாலே கூட்டத்தைப் பெருக்குவது என்று எண்ணுவோர், இக்கணக்கை ஊன்றிக் கவனிக்க வேண்டும்.

ஊர் எவ்வளவு தாங்கும்?

'நீடித்த' என்ற சொல்லின் பொருளை இனிக் காண்போம். நார்வே நாட்டின் குரோ ஹார்லெம் புருண்ட்லண்ட் அம்மையார் தலைமையில் ஐக்கிய நாடுகள் சபை அமைத்த குழு, 1987-ஆம் ஆண்டில் ஓர் அறிக்கை வெளியிட்டது. இன்றைய மக்களின் தேவை நிறைவேற வேண்டும்; அதற்காகப் பின்வரும் தலைமுறையின் முதலைத் தின்றுவிடக் கூடாது என்பதே அதன் சாரம். விதை நெல்லைக் குத்தித் தின்னாத விவசாயிக்கு இக்கருத்து புதியதன்று.

சுற்றுலாவில் இக்கருத்து பொருந்தும் விதத்தை ரிச்சர்டு பட்லர் என்ற புவியியல் அறிஞர் 1980-ஆம் ஆண்டிலேயே எடுத்துக் காட்டினார். ஓர் இடம் முதலில் சிலரால் கண்டறியப்படுகிறது. பிறகு ஊரார் ஈடுபடுகின்றனர். அதன்பின் விரைந்த வளர்ச்சி. வளர்ச்சி நிலைகொண்டபின் தேக்கம். தேக்கத்துக்குப் பின் சரிவதும் புத்துயிர் பெறுவதும் ஊரின் மதியூகத்தைப் பொறுத்தவை. ஆகவே, ஓர் ஊரின் நீர், பாதை, குப்பை அகற்றும் வசதி, மக்களின் பொறுமை ஆகியவை எத்தனை பேரைத் தாங்கும் என்று அளந்தறிவது இப்படிப்பின் ஓர் அங்கமாகும்.

இதனை அறிய நாம் தொலைதூரம் போக வேண்டியதில்லை. காரட்டும் உருளைக்கிழங்கும் தேயிலையும் விளையும் நீலகிரியைப் பாருங்கள். கோடைக்காலத்தில் மலையேறும் வாகனங்களின் நெருக்கடி தாங்காமற்போகவே, சென்னை உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2024-ஆம் ஆண்டு மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்வோர் மின்வழி அனுமதிச் சீட்டுப் பெற வேண்டியதாயிற்று. 2025-ஆம் ஆண்டுக் கோடையில் நீலகிரிக்குச் சாதாரண நாட்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்றும், கொடைக்கானலுக்கு முறையே 4,000, 6,000 என்றும் வரம்பு கட்டப்பட்டது. மலை எவ்வளவு தாங்கும் என்று ஆராயும் பணி, சென்னை ஐ.ஐ.டி.யிடமும் பெங்களூர் ஐ.ஐ.எம். நிறுவனத்திடமும் ஒப்படைக்கப்பட்டது. இத்தகைய ஆய்வுக்கு ஆட்கள் தேவை. அவ்வாட்களில் மலைத்தோட்டக்காரரின் மகனும் ஒருவராக இருந்தால், அளவுகோலில் தோட்டத்துக்கு வேண்டிய நீரும் இடம்பெறும் அல்லவா?

குமரகத்தில் நடந்தது

ஏட்டுப் பாடம் நடைமுறைக்கு வந்த ஓர் ஊரையும் பார்ப்போம். கேரளத்தில் கோட்டயம் மாவட்டத்தில், வேம்பநாட்டுக் காயலின் கரையில் அமைந்தது குமரகம். நெல்லும் தென்னையும் மீனும் அவ்வூராரின் வாழ்வு. காயலின் எழிலைக் கண்டு பெரிய விடுதிகள் வந்தன. ஆனால், விடுதிச் சமையலறைக்கு வேண்டிய காய்கறி வெளியிலிருந்து வந்து இறங்கிற்று. நம் ஊரில் பணம் புரள்கிறது, நமக்கென்ன பயன் என்ற மனக்குறை ஊராரிடம் வளர்ந்தது.

கேரள அரசினர் 2008-ஆம் ஆண்டையொட்டி, 'பொறுப்புச் சுற்றுலா' என்னும் திட்டத்தைக் கோவளம், தேக்கடி, வயநாடு, குமரகம் ஆகிய நான்கு இடங்களில் தொடங்கினர். குமரகத்தில் பஞ்சாயத்தார், விடுதியார், குடும்பஸ்ரீ மகளிர் குழுவினர் ஆகியோர் ஒன்றாக அமர்ந்து பேசினர். மகளிர் குழுவினர் வீட்டுத் தோட்டங்களிலும் தரிசாகக் கிடந்த நிலங்களிலும் காய்கறி பயிரிட்டனர். விலையைத் தீர்மானிக்க ஒரு குழுவும், விளைச்சலைத் திரட்டி விடுதிகளுக்கு அனுப்ப ஓர் ஏற்பாடும் உண்டாயின. ஐக்கிய நாடுகளின் உலகச் சுற்றுலா அமைப்பு, இம்முயற்சிக்காகக் கேரளத்துக்கு 2013-ஆம் ஆண்டுக்கான யுலிசெஸ் விருதை வழங்கிற்று. 2017-ஆம் ஆண்டில் இத்திட்டம் மாநிலம் தழுவிய தனி இயக்கமாக விரிவடைந்தது.

இதில் நாம் கற்க வேண்டியது, நல்லெண்ணம் மட்டும் வியாபாரம் ஆகாது என்பதே. விடுதிக்காரர் விடியற்காலை ஆறு மணிக்கு முப்பது கிலோ வெண்டைக்காய் கேட்பார். ஒரு தோட்டத்தில் இரண்டு கிலோதான் இருக்கும். பல தோட்டங்களின் விளைச்சலைச் சேர்த்து, தரம் பிரித்து, எடையும் நேரமும் தவறாமல் கொடுத்து, பணத்தைக் கெடுவுக்குள் வசூலித்து, அதனை உழைத்தவர்களுக்குப் பகிர்ந்தளிக்க வேண்டும். இதற்குப் பெயர்தானே கூட்டுறவுச் சங்கம்! விடுதி நிர்வாகம் படித்தவருக்கு விடுதியின் தேவை தெரியும். நம் சங்கத்துக்கு உறுப்பினரின் திறன் தெரியும். இவ்விரண்டையும் இணைப்போர்தாம் இன்று மிகக் குறைவு.

தறிக்காரர்களுக்கு ஒரு கணக்கு

இனி, நெசவாளர்களின் பக்கம் வருவோம். தெலுங்கானாவில் போச்சம்பள்ளி என்னும் நெசவாளர் ஊரை அறியாதார் இலர். 1951-ஆம் ஆண்டில் வினோபா அடிகளின் பூமிதான இயக்கம் பிறந்த மண் அது. நூலைக் கட்டிச் சாயமிட்டு நெய்யும் அவ்வூரின் கலையைக் காண வெளியூரார் வருகின்றனர். 2021-ஆம் ஆண்டில் உலகச் சுற்றுலா அமைப்பு தேர்ந்தெடுத்த சிறந்த சுற்றுலாக் கிராமங்களில் போச்சம்பள்ளியும் ஒன்று. தறியைப் பார்க்க வருவோர் தறிக்காரரிடமே துணி வாங்கினால் ஊருக்கு நன்மை; பார்த்துவிட்டு, நகரத்துக் கடையில் விசைத்தறிப் போலியை வாங்கினால் பெருமை மட்டுமே மிஞ்சும்.

ஆயினும், பார்வையாளர் வராத நெசவாளர் ஊருக்கும் விடுதித் தொழிலில் பங்கு உண்டு. அறைப் பராமரிப்புப் பாடத்தில் ஒரு விதி கற்பிக்கப்படுகிறது. படுக்கையில் ஒன்று, சலவையில் ஒன்று, இருப்பில் ஒன்று எனத் துணிகள் குறைந்தது மூன்று மாற்று இருக்க வேண்டும் என்பதே அது. நாற்பது அறைகள் கொண்ட ஒரு விடுதியில், அறைக்கு இரண்டு வீதம் வைத்தாலும் விரிப்பு 240, தலையணை உறை 240, துண்டு 240 வேண்டும். அடிக்கடி துவைப்பதால் இவை தேய்ந்து, காலந்தோறும் புதியன வாங்க நேரும். சென்னிமலைப் போர்வையும் பவானி ஜமக்காளமும் நெய்த கைகளுக்கு இது இயலாத காரியமன்று. ஆனால், இயந்திரச் சலவையில் சாயம் போகக் கூடாது. சுருக்கம் மிகக் கூடாது. இருநூற்று நாற்பது விரிப்பும் ஒரே அளவாக இருக்க வேண்டும். இந்த மூன்று நிபந்தனைகளையும் எழுத்தில் வாங்கி வந்து, தறியில் சாத்தியமாக்கி, ஒப்பந்தமாக முடிக்கத் தெரிந்த ஒருவர் சங்கத்தில் இருப்பது, பத்துக் கண்காட்சிகளில் கடை போடுவதைவிட மேலானது.

சேருமுன் கேட்க வேண்டியவை

இப்படிப்பில் சேர்ந்தால் உடனே பெரிய உத்தியோகம் கிடைத்துவிடும் என்று எவரும் மயங்க வேண்டாம். விடுதித் தொழிலில் தொடக்கக் காலம் கடுமையானது. இரவுப் பணியும் பண்டிகை நாள் பணியும் உண்டு. மேலும், இத்தொழில் ஊழிக்காற்றில் முதலில் சாயும் மரம். 2019-ஆம் ஆண்டில் இந்தியாவுக்கு வந்த வெளிநாட்டுப் பிரயாணிகள் 1.09 கோடி பேர். தொற்றுநோய் பரவிய 2020-ஆம் ஆண்டில் வந்தோர் 27.4 லட்சம் பேரே. எனவே, கடன் வாங்கிப் படிக்க வைக்குமுன் பெற்றோர் சில கேள்விகளைத் தவறாது கேட்க வேண்டும்.

முதலாவது, பட்டம் வழங்கும் பல்கலைக்கழகம் பல்கலைக்கழக மானியக் குழுவின் அங்கீகாரம் பெற்றதா? கல்லூரியின் பெயரை மட்டும் பார்த்து ஏமாறலாகாது. இரண்டாவது, 'நீடித்த' என்ற சொல் விளம்பரத்தில் மட்டும் இருக்கிறதா, பாடத்திட்டத்திலும் இருக்கிறதா? நீர், எரிசக்தி, குப்பை ஆகியவற்றின் கணக்கு, உள்ளூர்க் கொள்முதல், ஊர் தாங்கும் அளவு ஆகிய பாடங்கள் உண்டா என்று பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். மூன்றாவது, மாணவர் பயிற்சி பெறும் இடம் எது, எத்தனை மாதம், அக்காலத்தில் உதவித்தொகை உண்டா? நான்காவது, முந்தைய ஆண்டு படித்து வெளியேறியோர் எங்கே, என்ன சம்பளத்தில் பணிபுரிகின்றனர்? கல்லூரி சொல்வதோடு நில்லாமல், படித்தவரிடமே கேட்டறிதல் நன்று. ஐந்தாவது, கட்டணத்தோடு விடுதிச் செலவு, சீருடை, பயணச் செலவு ஆகியவற்றையும் கூட்டினால் வருவது எவ்வளவு? அத்தொகையைத் தொடக்கச் சம்பளத்தில் எத்தனை ஆண்டுகளில் அடைக்க முடியும்? இவ்வைந்துக்கும் தெளிவான விடை கிடைக்காத இடத்தில் பணத்தைக் கட்டுவதைவிட, ஓராண்டு பொறுத்திருப்பது மேல்.

சங்கங்கள் செய்யத்தக்கது

கூட்டுறவின் ஏழு கொள்கைகளில் ஐந்தாவது, கல்வியும் பயிற்சியும். நம் சங்கங்கள் ஆதாயத்தில் ஒரு பகுதியைக் கூட்டுறவுக் கல்வி நிதிக்குச் செலுத்தி வருகின்றன. ஆகவே, அங்கத்தினர் பிள்ளைகளின் உயர்கல்வி நம் அக்கறைக்கு உட்பட்டதே. உழைப்பாளர் சங்கம் ஒன்று சுற்றுலாவிலும் வெற்றி காண முடியும் என்பதற்குச் சான்றும் உண்டு. 1925-ஆம் ஆண்டில் வட கேரளத்தில் கூலித் தொழிலாளர்கள் தொடங்கிய ஊராளுங்கல் தொழிலாளர் ஒப்பந்தக் கூட்டுறவுச் சங்கம், 2011-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட இரிங்ஙல் 'சர்காலயா' கைவினைக் கிராமத்தை நிர்வகித்து வருகிறது. கல் உடைத்த பாறைக் குழியாகக் கிடந்த இடத்தில் இன்று கைவினைஞர்கள் தம் பொருளைத் தாமே செய்து, தாமே விற்கின்றனர்.

நாம் உடனே கைவினைக் கிராமம் அமைக்க வேண்டும் என்று சொல்ல வரவில்லை. அதனினும் எளிய காரியம் ஒன்று உண்டு. முதுநிலை மாணவர் ஒவ்வொருவரும் படிப்பு முடியுமுன் களப்பயிற்சியும் ஆய்வறிக்கையும் முடிக்க வேண்டியிருக்கிறது. பெரும்பாலோர் ஆய்வுக்குப் பொருள் தேடி அலைகின்றனர். அண்மையில் உள்ள கல்லூரிக்குச் சங்கம் ஒரு கடிதம் எழுதலாம்: 'எங்கள் தாலுகாவில் உள்ள விடுதிகள் மாதந்தோறும் எவ்வளவு துணி, எவ்வளவு காய்கறி, பால், அரிசி வாங்குகின்றன? எங்கே, என்ன விலைக்கு வாங்குகின்றன? அவற்றில் எங்கள் சங்கம் கொடுக்கத்தக்கவை எவை? இதனை ஆராய ஒரு மாணவரை அனுப்புங்கள்.' மாணவருக்கு ஆய்வுப் பொருள் கிடைக்கும். சங்கத்துக்கு இதுவரை எவரும் எடுத்திராத ஒரு கணக்குக் கிடைக்கும். அக்கணக்கை அடுத்த பொதுக்குழுவில் வைத்துப் பேசினால், எந்தச் சரக்கை எந்த விடுதிக்குக் கொடுக்கலாம் என்பது தானே விளங்கும்.

தறியையும் நிலத்தையும் விட்டுவிட்டு விருந்தினரை நம்பி வாழ்வது ஆபத்து என்பதை 2020-ஆம் ஆண்டு நமக்கு உணர்த்திவிட்டது. தறியும் நிலமும் அடித்தளமாக இருக்க, அவற்றின் பலனைப் புதியதொரு வாசல் வழியாக விற்பதே அறிவுடைமை. அவ்வாசலைத் திறக்கும் படிப்பை நம் பிள்ளைகளில் ஒருவர் படிக்க விரும்பினால் தடுக்க வேண்டாம். படித்து முடித்து எந்த ஊர் விடுதியில் பணிபுரிந்தாலும், கொள்முதல் பட்டியலில் கையெழுத்திடும் நாளில், அவ்விரிப்பை நெய்தவர் யார், அக்காயை விளைவித்தவர் யார் என்று ஒருமுறை கேட்கும் பழக்கத்தை மட்டும் வீட்டிலிருந்தே கொடுத்தனுப்புவோமாக.